நாற்பதைக் கடந்தவர்கள் மலையகத்தில் நெடுந்தூரம் ஓடுவது எப்படி

மலையகத்தில் ஓடுகின்றவருக்குச் சமதரை அரிதாகவே கிடைக்கும். ஹட்டனில் வீட்டுப் படியை விட்டு இறங்கிய சிறிது தூரத்திலேயே ஏற்றமோ இறக்கமோ தொடங்கிவிடுகிறது. மலைமுகட்டின் மேல் அமைந்த ஹப்புத்தளையிலோ, எந்தப் பக்கம் ஓடிப் போனாலும் திரும்பி வருவதற்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் நெடுந்தூர ஓட்டத்துக்கென்று அச்சிலும் கைபேசியிலும் கிடைக்கின்ற பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலானவை, சமதரையில் ஓடுகின்ற இளவயதினர் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் தேயிலை மலைகளுக்கிடையே ஓடத் தொடங்குபவர்களிடம் முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் மூச்சு அன்று. கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும், முழங்காலுமே. இவ்வழிகாட்டி அந்த வயதினருக்காக, இந்த நிலத்துக்கென்றே எழுதப்படுகிறது. ஏற்றத்தில் உழையுங்கள், இறக்கத்தை ஒரு தனிக் கலையாகக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இடையில் உடல் கேட்கின்ற நாட்களை மறுக்காமல் கொடுங்கள் என்பதே இதன் அடிப்படை.

வயது எதைக் குறைக்கிறது

நெடுந்தூர ஓட்டத்தில் முதுமையின் பாதிப்பு எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு, உடற்பயிற்சி இல்லாதவர்களிடம் முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களிடம் அந்தச் சரிவு ஏறத்தாழ பாதியாக மட்டுப்படக்கூடும். இதயத்தின் உச்சத் துடிப்பும் குறைகிறது, அதைப் பயிற்சியால் தடுக்க இயலாது. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் கிடைக்கும் எண் ஓரளவு நம்பத்தக்க மதிப்பீடு ஆகும்; அதன்படி ஐம்பது வயதில் 173, அறுபதில் 166. எனினும் ஒரே வயதுடைய இருவரிடையே பத்துத் துடிப்புக்கு மேல் வேறுபாடு இருப்பது சாதாரணம் என்பதால், கைக்கடிகாரம் காட்டுகின்ற எண்ணுக்கு அடிமையாக வேண்டியதில்லை. உயர் குருதி அமுக்கத்துக்காகப் பீட்டா தடுப்பி வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அறவே பொருந்தாது. அம்மாத்திரை துடிப்பைத் தாழ்த்தியே வைத்திருக்கும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தசையின் இழப்பு. விரைவாகச் சுருங்கி விசையோடு உந்துகின்ற தசைநார்களே வயதோடு அதிகம் மெலிகின்றன. அதன் விளைவு முதலில் கெண்டைக்காலில் தெரியும்: வயது கூடியவர்கள் ஓடும்போது காலடிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை, ஒவ்வோர் அடியின் நீளமே குறுகுகிறது, ஏனெனில் கணுக்காலிலிருந்து எழும் உந்துதல் தளர்ந்துவிடுகிறது. தசைநாண்கள் பழுதடைந்தால் ஆறுவதற்கும் கூடுதல் காலம் பிடிக்கிறது. ஆனால் ஒரே சீரான வேகத்தில் குறைந்த சக்திச் செலவில் ஓடும் திறன், பயிற்சியைக் கைவிடாதவர்களிடம் நெடுங்காலம் நிலைக்கிறது. நெடுந்தூரம் முதியவர்களுக்கு உகந்த ஓட்டமாக இருப்பதன் காரணம் இதுவே.

இதற்குச் சான்றுகள் உள்ளன. போர்த்துக்கலின் கார்லோஸ் லோபெஸ் 1985இல் ரொட்டர்டாமில் 2 மணி 7 நிமிடம் 12 செக்கனில் ஓடி மரதன் உலக சாதனையை நிலைநாட்டியபோது அவருக்கு வயது 38. ஜப்பானின் மரிகோ யுகெத்தா 2019இல், தமது 61ஆவது வயதில், மூன்று மணித்தியாலத்துக்குள் மரதனை முடித்து, அறுபதைக் கடந்த பெண்களில் அவ்வாறு ஓடிய முதலாமவர் ஆனார். 2021இன் தொடக்கத்தில் அதே பெண்மணி 2 மணி 52 நிமிடம் 13 செக்கனில் ஓடினார். கனடாவில் வாழ்ந்த எட் விட்லொக் 73ஆவது வயதில் 2 மணி 54 நிமிடம் 48 செக்கனிலும், 85ஆவது வயதில் நான்கு மணித்தியாலத்துக்குள்ளும் மரதனை ஓடி முடித்தவர். தம் வீட்டுக்கு அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி, மிக மெதுவான வேகத்தில் மூன்று மணித்தியாலம் வரை ஓடுவதே அவருடைய பயிற்சியின் பெரும்பகுதியாக இருந்தது. நம் நாட்டில், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றதைப் பலரும் அறிவர். இவர்களுடைய வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆயினும் அவர்களை அங்கே கொண்டுசேர்த்த தொடர்ச்சி எல்லோருக்கும் வாய்க்கக்கூடியதே.

தொடங்குவதற்கு முன்

நாற்பதைக் கடந்து முதன்முறையாக ஓடத் தொடங்குபவர், அல்லது பாடசாலைக் காலத்தில் ஓடிவிட்டு இருபது முப்பது ஆண்டு விட்டுவிட்டுத் திரும்புபவர், முதலில் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் குருதி அமுக்கத்தையும் சீனியையும் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்திருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லி, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். மெதுவாக ஓடி வீடு சேர்ந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. கைபேசியைக் கையில் வைத்திருப்பது இதற்காகவேனும் அவசியம்.

பின்னர் நடையிலிருந்து தொடங்குங்கள். தோட்டத்து லொறிப் பாதையில் நாற்பது நிமிடம், ஏற்றமும் இறக்கமுமாக, மூச்சு வாங்காமல் நடக்க முடிகின்ற நிலை வந்த பிறகே ஓட்டத்தைச் சிறிது சிறிதாக இடையில் சேர்க்க வேண்டும்: ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. ஓடுகின்ற அந்த ஒரு நிமிடம் சமமான பகுதியிலோ மெல்லிய ஏற்றத்திலோ அமையட்டும், இறக்கத்தில் வேண்டாம். முதல் இரண்டு மாதங்களில் இறக்கங்கள் அனைத்தையும் நடந்தே கடப்பது என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால் பிற்காலத் துன்பங்களில் பாதியைத் தவிர்க்கலாம்.

ஏற்றம்

நியூசிலாந்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட், தம் வீரர்களை ஒக்லண்டுக்கு அருகிலுள்ள வைட்டாக்கரே மலைகளில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் சுற்று ஒன்றை வாரந்தோறும் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பர்க் 5,000 மீற்றரிலும் தங்கம் வென்றார்கள்; இருவரும் அந்த மலைப்பாதையில் உருவானவர்கள். ஹட்டன் பகுதித் தோட்டப்புறத்திலிருந்து 10,000 மீற்றரில் தேசிய மட்டத்துக்கு உயர்ந்த குமார் சண்முகேஸ்வரனும் மலை வளர்த்த ஓட்டவீரரே. பிற நாட்டவர் தேடிப்போகின்ற பயிற்சிக் களம் நம் வாசலிலேயே கிடக்கிறது என்பதை நான் ஒவ்வொரு புதியவரிடமும் சொல்வதுண்டு.

ஏற்றம் வயதானவர்களுக்கு ஏன் நல்லது? மேலே ஏறும்போது பாதம் நிலத்தில் மோதுகின்ற அதிர்ச்சி பெரிதும் குறைந்து, இதயமும் நுரையீரலும் மட்டும் கடுமையாக உழைக்கின்றன. சமதரையில் வேகமாக ஓடினால்தான் கிடைக்கும் இதயப் பயிற்சியை, மூட்டுகளுக்குக் குறைந்த விலையில், மெதுவான வேகத்திலேயே ஏற்றம் தந்துவிடுகிறது. ஆகவே கடினமாக உழைக்க வேண்டிய நாள் எதுவாயினும் அதை ஏற்றத்தில் வைத்துக்கொள்வதே என் உறுதியான பரிந்துரை.

ஏறும் முறையில் மூன்று விடயங்களைப் பழக வேண்டும். உடலை இடுப்பில் மடக்காமல், கணுக்காலிலிருந்து முழுவதுமாகச் சற்று முன்சாய்த்துக்கொள்ளுங்கள். இடுப்பை மடக்கினால் மூச்சுக்கு இடம் குறைகிறது. அடியைக் குறுக்கி, கைகளை வழமையைவிடச் சற்று வேகமாக ஆட்டுங்கள், கால்கள் கைகளைப் பின்பற்றும். வேகத்தை மூச்சைக் கொண்டு அளவிடுங்கள்: சாதாரண ஓட்ட நாளில் பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும், அது முடியாவிட்டால் நடக்க வேண்டும். செங்குத்தான குறுக்குப் பாதைகளில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இராது. நடப்பவரே களைப்பின்றி மேலே சேர்வார். மலையோட்டத்தில் உலகின் முன்னணி வீரர்களும் கைகளைத் தொடையில் ஊன்றி நடக்கிறார்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

உழைப்பு நாளுக்கு நல்ல பாதையென்றால் 3 முதல் 6 சதவீதச் சாய்வுள்ள, வண்டி நெரிசல் குறைந்த பாதையைத் தேடுங்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையான சுமார் 8 கிலோமீற்றர் மொத்தத்தில் மெல்லிய ஏற்றமே. அதிகாலையில் ஏறி முடித்துப் பேருந்தில் திரும்பலாம். தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை செல்லும் தோட்டப் பாதை அதைவிடக் கடினமானது, உயரமும் ஏறத்தாழ 1,970 மீற்றரைத் தொடுகிறது. அதை ஓட்டமும் நடையுமாக ஏறி, இறங்கும்போது முழுவதும் நடந்தோ முச்சக்கர வண்டியிலோ வருவது அறுபது வயதினருக்கும் ஏற்ற பயிற்சி. இரண்டு அல்லது மூன்று நிமிடம் ஊன்றி ஏறி, அதே தூரத்தை நடந்து இறங்கி, மூச்சு முழுமையாகத் திரும்பிய பின் மீண்டும் ஏறுவதை நான்கில் தொடங்கி ஆறு, எட்டு வரை சில மாதங்களில் கூட்டலாம். கடைசி ஏற்றமும் முதல் ஏற்றத்தின் வேகத்திலேயே முடிய வேண்டும்; முடியாவிட்டால் முதல் ஏற்றம் மிகை வேகம் என்று பொருள்.

இறக்கம்

இங்கேதான் மலையகத்து ஓட்டவீரர்கள் தங்கள் வயதை உணர்கிறார்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அவ்வகைச் சுருக்கம் தசைநார்களில் நுண்ணிய கிழிவுகளை உண்டாக்கி, ஒன்று முதல் மூன்று நாள் வரை நீடிக்கும் வலியைத் தருகிறது. 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது பாதம் மோதும் விசை சமதரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும், உடலைப் பின்னுக்கு இழுக்கும் தடுப்பு விசை அதற்கும் மேலாகவும் உயர்வதாக 2005இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. மூச்சு எளிதாக இருப்பதால் இந்தச் சேதம் அப்போது தெரிவதில்லை, மறுநாள் படியிறங்கும்போதே தெரிகிறது. இருபது வயதில் இரண்டு நாளில் ஆறுவது ஐம்பதில் நான்கைந்து நாள் எடுக்கக்கூடும். அதற்குள் மீண்டும் ஓடினால் தளர்ந்த தசை தாங்காத சுமை முழங்காலின் மேல் விழுகிறது.

நல்லவேளையாக, உடல் இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை அளவாக இறங்கி ஓடி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தால் முன்புபோல் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே இறக்கத்தை அறவே தவிர்ப்பதும் தவறு, நாள்தோறும் இறங்கி ஓடுவதும் தவறு. பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை, சிறிய அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை, சாய்வு மெல்லியதாக உள்ள தார் வீதியில் ஐந்து நிமிடம் போதும். அடுத்த நாட்களில் தொடைவலி எப்படி இருந்தது என்று பார்த்து, வலி பெரிதாக இல்லையென்றால் அடுத்த முறை எட்டு நிமிடம், பின்னர் பன்னிரண்டு என்று கூட்டலாம். மூன்று நான்கு மாதங்களில் இருபது, முப்பது நிமிடத் தொடர் இறக்கத்தை அச்சமின்றி ஓடும் நிலை வரும்.

இறங்கும் நுட்பத்தில் பலரும் செய்யும் பிழை, பயத்தினால் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, காலை முன்னே நீட்டிக் குதிகாலால் தடுப்பது. அவ்வாறு செய்யும்போது ஒவ்வோர் அடியும் ஒரு மோதலாகி, விசை நேராக முழங்காலுக்கு ஏறுகிறது. ஈரப் பாதையாயின் வழுக்கி விழுவதும் அப்படித்தான். மாறாக, உடல் சரிவுக்குச் செங்குத்தாக நிற்கும்படி சற்றே முன்வாருங்கள். பாதம் உடலுக்கு நேர் கீழே அல்லது மிகக் குறைந்த அளவு முன்னே விழட்டும். முழங்கால் எப்போதும் சிறிது மடிந்திருக்கட்டும். அடிகளைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள்: காலடி எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டினாலே முழங்காலின் சுமை குறைகிறது என்பது அளந்தறியப்பட்ட ஒன்று. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 வைத்தால் போதும்; எல்லோரும் 180ஐ எட்ட வேண்டும் என்று பரவியிருக்கும் கருத்து உயர்நிலை வீரர்களின் போட்டி வேகத்திலிருந்து வந்தது, மெதுவாக ஓடும் முதியவரை அது கட்டுப்படுத்தாது. கைகளைச் சற்று அகல விரித்துச் சமநிலைக்குப் பயன்படுத்துங்கள். பார்வை காலடியில் அல்லாமல் நான்கைந்து மீற்றர் முன்னே இருக்க வேண்டும். இரட்டைக் குவியக் கண்ணாடி அணிபவர்களுக்குக் கீழ்ப்பார்வை மங்கித் தெரியும் என்பதால், அவர்கள் கற்படிகளில் ஓடாமல் நடப்பதே நல்லது.

பாதையின் தன்மையும் முக்கியம். தார் வீதி கடினமானது எனினும் சீரானது, இறக்கம் பழகத் தொடங்குவதற்கு அதுவே ஏற்றது. சல்லிக்கல் கிளம்பிய தோட்டப் பாதைகளும், மழைக்காலத்தில் பாசி படிந்த கொங்கிரீட் பாதைகளும், தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கும் மண்படிகளும் கணுக்கால் வலுப்பெற்ற பின்னரே. பிரதான வீதிகளில் வாகனங்களை எதிர்நோக்கி வலப்பக்கமாக ஓட வேண்டும்; ஆனால் கொண்டையூசி வளைவுகளில் உட்பக்கம் இருந்தால் எதிரே வரும் பேருந்துச் சாரதிக்கு உங்களைத் தெரியாது, எனவே வளைவுக்கு முன்பே நின்று இருபுறமும் பார்த்து, வெளிப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பனிமூட்டம் இறங்கினால் பிரதிபலிக்கும் மேலாடை இல்லாமல் வீதிக்கு வரவே வேண்டாம்.

கெண்டைக்காலும் தொடையும்

நாற்பதைக் கடந்தவர் வாரத்தில் ஒரு நாள் ஓட்டத்தை விட்டாலும் விடலாம், வலுப்பயிற்சியை விடக் கூடாது என்பேன். இதற்கு உடற்பயிற்சி நிலையம் வேண்டியதில்லை. லயத்துக் கற்படி ஒன்று போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, சுவரைத் தொட்டுக்கொண்டு, குதிகாலை மூன்று செக்கன் மெதுவாகக் கீழிறக்கி, பின் உயர்த்த வேண்டும். முதலில் இரு காலாலும், பழகிய பின் ஒற்றைக் காலாலும், பன்னிரண்டு முதல் பதினைந்து முறை, மூன்று தொகுதிகள். முழங்காலை நேராக வைத்துச் செய்வது மேல்கெண்டைத் தசைக்கு, சற்று மடித்து வைத்துச் செய்வது அதற்கடியிலுள்ள தசைக்கு. நெடுந்தூர ஓட்டத்தின் பெருஞ்சுமையைத் தாங்குவது அந்த அடித்தசையே என்பதால் இரண்டையும் செய்ய வேண்டும். எளிதாகிவிட்டால் புத்தகப்பையில் அரிசியோ கல்லோ இட்டு முதுகில் சுமந்துகொள்ளுங்கள். குதிநாணில் நாட்பட்ட வலி உள்ளவர்களுக்கு 1998 முதல் பரிந்துரைக்கப்பட்டுவரும் பயிற்சியும் இந்தக் குதிகால் இறக்கமே: நாளுக்கு இருவேளை, பன்னிரண்டு வாரம். குதிநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி இருப்பவர்கள் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வது நல்லது.

தொடைக்கு, அதே படியில் ஒரு காலில் நின்று மறு காலின் குதி தரையை மெல்லத் தொடும்வரை இறங்கி எழுவது சிறந்த பயிற்சி. இறக்கத்தில் தசை செய்கின்ற அதே வேலையை இது அளவோடு பழக்குகிறது. முழங்கால் உள்நோக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை போதுமானது. ஒரு காலில் நின்று பல் துலக்கப் பழகுவது சமநிலைக்கு உதவும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. ஓட்டம் அதைத் தனியே ஈடுசெய்யாது, சுமை ஏற்றிய வலுப்பயிற்சி கட்டாயம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட முன்னெலும்பிலோ பாதத்திலோ ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிப்பதும், ஓட ஓட அந்த வலி கூடுவதும் காணப்பட்டால், அது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாட்களை அடுக்குவது

கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே கொழுந்து பறிக்க எவரும் போவதில்லை; கடும் ஓட்டத்துக்குப் பிறகான உடலும் அவ்வாறே விடப்பட வேண்டியது. பயிற்சி நூல்கள் ஏழு நாட்களுக்குள் ஒரு நீண்ட ஓட்டம், இரண்டு வேக ஓட்டம் என்று அடுக்குகின்றன. ஐம்பதைக் கடந்தவருக்கு அது பொருந்துவதில்லை. அதே வேளை, ஒன்பது நாள், பத்து நாள் சுழற்சி என்று வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறிவிடும். ஆகவே இரண்டு வாரத்தை ஒரு சுழற்சியாகக் கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஒரு ஞாயிறு நீண்ட ஓட்டம், அதில் அளவான இறக்கம். மறு ஞாயிறு ஏற்றப் பயிற்சி. இடைப்பட்ட நாட்களில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று மெதுவான ஓட்டம், இரண்டு வலுப்பயிற்சி, குறைந்தது இரண்டு முழு ஓய்வு. மொத்த ஓட்ட நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அமைய வேண்டும்.

தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பது மலையில் ஏமாற்றும். நுவரெலியாவில் கிரகரி ஏரிக்கரையில் ஓடிய பத்துக் கிலோமீற்றரும், ஹப்புத்தளைச் சரிவில் நானூறு மீற்றர் ஏறி இறங்கிய பத்துக் கிலோமீற்றரும் ஒன்றல்ல. ஓடிய நிமிடங்களையும், மொத்தம் இறங்கிய உயரத்தையும், மறுநாள் காலை கால் எப்படி இருந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்களும் மலைவேலை செய்யும் ஆண்களும் தங்கள் உழைப்பைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. நாள் முழுவதும் சரிவில் நின்று, நிறைந்த கொழுந்தைச் சுமந்து நிறுவைக்கு இறங்குவதே கால்களுக்கு ஒரு முழுப் பயிற்சி. அவர்கள் வேலை நாளில் ஓட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஓட்டமும் சிறிது வலுப்பயிற்சியும் போதும். அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவரைக் காட்டிலும் அவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே உறுதியாக உள்ளது.

உயரம், பருவம், பாதை

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை சுமார் 680 மீற்றரில். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒரே முயற்சிக்கு வேகம் சற்றுக் குறையும், இதை வயதின் குற்றமாக எண்ண வேண்டாம். உயரத்தில் வாழ்ந்து தாழ்வில் வேக ஓட்டம் பழகுவது உயர்நிலை வீரர்கள் பெரும் செலவில் செய்யும் முறை. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் வாழ்பவர்கள் மாதத்தில் ஒரு நாள் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்கு இறங்கிச் சமதரையில் வேகம் பழகினால், கால்கள் வேகமான அசைவை மறக்காமல் இருக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும்போது, பண்டாரவளை, வெலிமடை வறண்டு காற்று வீசும். மார்கழி முதல் மாசி வரை நிலைமை பெரும்பாலும் மாறிவிடும். நீண்ட ஓட்டங்களை இதற்கேற்பத் திட்டமிடலாம். தை மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகளில், உடல் சூடாவதற்கு இருபது நிமிடம் நடையும் மெல்லோட்டமும் தேவை. குளிர்ந்த கெண்டைக்காலோடு ஏற்றத்தில் பாய்வது தசைக் கிழிவுக்கு வழி. தோட்டங்களில் குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டறிந்த பின்னரே புதிய பாதையில் செல்லுங்கள். பல தடவை கொட்டப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மலையில் பழகிவிட்டுக் கொழும்பில் மரதன் ஓடப் போகிறவருக்குப் பெரிய எதிரி வெப்பம். வயது கூடும்போது வியர்வையும் தாக உணர்வும் குறைகின்றன. பத்து முதல் பதினான்கு நாள் வெப்பமான இடத்தில் பழகுவது சிறந்தது. இயலாதவர்கள் கடைசி இரு வாரம் நண்பகலில் கூடுதல் உடை அணிந்து மெதுவாக ஓடலாம், ஆனால் குருதி அமுக்கமோ இதய நோயோ உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. போட்டியில் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், அளவுக்கு மீறிய நீரும் ஆபத்தே.

உணவும் தேநீரும்

சோறும் ரொட்டியும் ஓட்டத்துக்கு வேண்டிய மாச்சத்தைத் தாராளமாகத் தருகின்றன. குறைவது புரதம். வயதான தசை, அதே அளவு புரதத்துக்கு இளம் தசையைப் போல் பதில் தருவதில்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல், மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்ண வேண்டும். காலையில் வெறும் ரொட்டியும் சம்பலும் உண்டு இரவில் மட்டும் கறி சேர்ப்பதைவிட, காலை ரொட்டியோடு முட்டையோ பருப்போ அவித்த கடலையோ சேர்ப்பது பயன் தரும். நெத்தலிக் கருவாடும் கௌபியும் மலிவான நல்ல துணை.

தேநீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைப் பாதிக்கும் மேல் குறைக்கக்கூடும். இரும்புச்சத்துக் குறைந்தவர் எவ்வளவு பயிற்சி செய்தாலும் முன்னேற மாட்டார், காரணமும் தெரியாமல் வயதின் மேல் பழி போடுவார். தேநீரை உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய் பிழியுங்கள். காரணமின்றி வேகம் குறைந்து, படியேறினாலே மூச்சு வாங்கினால், ஹீமோகுளோபின் அளவையும் முடிந்தால், உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் பெரிற்றின் அளவையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு நீண்ட ஓட்டத்துக்குப் புறப்படும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. டைக்குளோபெனாக் போன்றவை, உடல் நீரிழக்கும் நேரத்தில் சிறுநீரகத்தையும் குடலையும் பாதிக்கக் கூடியவை. மாத்திரை இல்லாமல் ஓட முடியாத வலி, ஓடக் கூடாத வலியே.

போட்டிக்குப் பின்

மரதனோ நீண்ட மலையோட்டமோ முடித்த முதல் வாரம் நடை மட்டும் போதும். இரண்டாம் வாரத்தில் இருபது முப்பது நிமிட மெல்லோட்டம், சமதரையில். இறக்கமும் வேகமும் நான்காம் வாரத்துக்குப் பிறகே. அறுபதைக் கடந்தவர்கள் ஆறாம் வாரம் வரை பொறுக்கலாம். திரும்பத் தயாராகிவிட்டோமா என்பதை உற்சாகத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், உற்சாகம் எப்போதும் தசைக்கு முன்பே திரும்பிவிடும். காலையில் எழுந்தவுடன் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்திப் பாருங்கள். இரு காலும் வலியின்றி, போட்டிக்கு முன் செய்த அதே எண்ணிக்கையைச் செய்ய வேண்டும். பின்னர் கற்படியில் ஒற்றைக் கால் இறக்கத்தைப் பத்து முறை நடுக்கமின்றிச் செய்ய வேண்டும். இரண்டும் முடிந்தால் அடுத்த ஞாயிறு ஐந்து நிமிட இறக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். முடியாவிட்டால் இன்னொரு வாரம் நடந்துவிட்டு, அதே சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.